இளைத்த கதை

சில வருஷங்களாக என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். புதிதாக என்ன நாவல் எழுதுகிறீர்கள் என்று கேட்பதில்லை. போன நாவலைப் படித்தேன் என்றும் சொல்வதில்லை. "எப்படி ஸார் இப்படி இளைத்தீர்கள்?" என்கிறார்கள். முப்பத்தைந்து வருஷம் எழுதிச் சம்பாதித்த கவனத்தைவிட, முப்பத்தாறு கிலோ குறைந்து சம்பாதித்த கவனம் அதிகம்.

இந்தக் கேள்விக்கு ஒரு பதில் தயாராக வைத்திருந்தேன். "தினம் நடக்கிறேன். ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிட்டேன். இன்சுலின் ஊசியும் தானாக விட்டுப் போயிற்று." கேட்டவர்கள் தலையை ஆட்டிக்கொண்டு, "இதற்கெல்லாம் மன உறுதி வேண்டும், ஸார்" என்பார்கள். நானும் அடக்கமாகச் சிரித்து வைப்பேன்.

அது பொய். நடந்தது என்னவோ வாஸ்தவம்தான். ஆனால் நடந்து இளைக்கவில்லை. 2019-ஆம் வருஷம் நவம்பர் மாதம் வயிற்றில் ஆபரேஷன் செய்துகொண்டு இளைத்தேன். இதில் என்ன பெரிய பொய் என்று நீங்கள் கேட்கலாம். வயதைக் குறைத்துச் சொல்கிறோம், சம்பளத்தைக் கூட்டிச் சொல்கிறோம். அந்த வரிசையில் இதுவும் ஒன்று என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை என்று தெரிய நேர்ந்தது. அதைச் சொல்வதற்கு முன்னால், நடந்ததை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

சர்க்கரை வியாதி எங்கள் குடும்பத்துக்குப் புது விருந்தாளி அல்ல. கும்பகோணத்தில் என் தகப்பனாருக்கு அது இருந்த நாளில், விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தில் கணக்குப் பார்க்கிற கருவி எங்கள் வீட்டில் ஏது? கண்ணாடிக் குழாயில் பெனிடிக்ட் என்ற நீலத் திராவகத்தை ஊற்றி, எட்டுச் சொட்டுச் சிறுநீர் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காட்டுவாள் அம்மா. நீலம் மாறாமல் இருந்தால் க்ஷேமம். பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று நிறம் ஏற ஏற, அம்மாவின் முகமும் அதற்குத் தகுந்தபடி மாறும். செங்கல் நிறம் வந்துவிட்டால் அப்பாவுக்கு அன்று சோறு இல்லை, கோதுமைக் கஞ்சிதான். அப்பா மறுபேச்சுப் பேசாமல் கஞ்சியைக் குடித்துவிட்டு, சாயங்காலம் கடைத்தெருவுக்குப் போய், நிறையச் சர்க்கரை போட்ட காப்பி சாப்பிட்டு வருவார்.

1976-ல் செருப்புக் கடித்த ஒரு புண் ஆறவில்லை. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். எனக்கு அப்போது பதினைந்து வயது, அக்காவுக்கு இருபத்தொன்று. சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் 1948-லேயே டாக்டர் எம். விசுவநாதன் நீரிழிவுக்கென்று தனிச் சிகிச்சைப் பிரிவு தொடங்கியிருந்தார். அந்தச் செய்தி எங்கள் தெரு வரைக்கும் வந்து சேரவில்லை.

2001-ல் எனக்கு நாற்பதாவது வயதில் அப்பாவின் சொத்து என் பங்குக்கு வந்தது. முதலில் ஒரு மாத்திரை. பிறகு இரண்டு. பிறகு நான்கு. 2010-ல் இன்சுலின். 1922-ல் டொரான்டோ நகரத்தில் பதினான்கு வயதுப் பையன் ஒருவனுக்கு முதன்முதலாகப் போட்ட நாளிலிருந்து அந்த மருந்து எத்தனையோ லட்சம் பேரைச் சாவிலிருந்து மீட்டிருக்கிறது. அதைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆனால் என்னைப் போன்ற பருமனான ஆசாமிகளுக்கு அதில் ஒரு சங்கடம் உண்டு. சர்க்கரை ஏறுகிறதே என்று இன்சுலினைக் கூட்டினால் எடையும் கூடுகிறது. எடை கூடினால் உடம்பு இன்சுலினுக்கு மசிய மறுக்கிறது. மசியவில்லையே என்று மறுபடியும் கூட்ட வேண்டியிருக்கிறது. பழைய கடனின் வட்டியைக் கட்டப் புதுக் கடன் வாங்குகிறவன் கதைதான்.

நான் சும்மா இருந்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். வெந்தயம் ஊற வைத்துக் குடித்தேன். பாகற்காய்ச் சாறு குடித்தேன். கேழ்வரகுக்கு மாறினேன், அதிலிருந்து குதிரைவாலிக்கு மாறினேன். விடியற்காலையில் கடற்கரையில் நடந்தேன். ஒவ்வொரு தடவையும் ஐந்தாறு கிலோ இறங்கும். இறங்கிய எடை ஆறு மாதத்தில், துணைக்கு இன்னும் இரண்டு கிலோவை அழைத்துக்கொண்டு திரும்பி வரும். எடை இறங்கினால் உடம்பு அதைப் பஞ்சம் என்று எடுத்துக்கொண்டு, பசியைக் கூட்டிச் செலவைக் குறைக்கிறது என்பதை அப்போது யாரும் எனக்குச் சொல்லவில்லை. என்னிடம்தான் ஏதோ குறை என்று எண்ணிக்கொண்டேன்.

2019-ல் என் எடை 114 கிலோ. உயரம் ஐந்தடி ஆறங்குலம். நாளைக்கு 84 யூனிட் இன்சுலின். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்.பி.ஏ.ஒன்.சி. என்ற பரிசோதனையில் 10.2. சர்க்கரை வியாதி இல்லாதவர்களுக்கு அது 5.7-க்குக் கீழே இருக்க வேண்டும். ஒரு நாள் புரூப் திருத்திக்கொண்டிருந்தபோது, பக்கத்தின் மேல் கறுப்பு நூல் ஒன்று மிதந்தது. கையால் தட்டினேன், போகவில்லை. அது காகிதத்தில் இல்லை, என் கண்ணுக்குள் இருந்தது. கண் டாக்டர் லேசர் போட்டார். "இதற்கு மேல் உங்கள் சர்க்கரையின் கையில்தான் இருக்கிறது" என்றார்.

என் சர்க்கரை டாக்டர் ஒரு பெண்மணி. அதிகம் பேச மாட்டார். அன்று ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "ஆபரேஷன் செய்துகொள்கிறீர்களா?" என்று கேட்டார்.

"எதை எடுக்கப் போகிறீர்கள்?"

"எதையும் எடுக்க வேண்டாம். சாப்பாடு போகிற பாதையை மாற்றி வைக்கலாம்."

எனக்குக் கோபம் வந்தது. "அதெல்லாம் சோம்பேறிகளுக்கு, டாக்டர். எனக்கு இன்னும் கொஞ்சம் மன உறுதி இருந்தால் போதும்" என்றேன்.

"பதினெட்டு வருஷம் அந்த மருந்தைத்தானே கொடுத்துப் பார்த்தோம்? வேறு மருந்து பார்க்கலாம் என்கிறேன்" என்றார் அவர்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் இந்த அநியாயத்தை முறையிட்டேன். அவள் அரிந்துகொண்டிருந்த கத்தரிக்காயிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, "உங்க வைராக்கியம் எனக்கு வேண்டாம். உங்க கண்ணுதான் வேணும்" என்றாள்.

நாவலாசிரியனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதையும் செய்வதற்கு முன்னால் அதைப் பற்றிப் படித்துவிடுவான். நானும் படித்தேன். இந்த விஷயத்தில் நான் எதிர்பார்த்ததைவிட நல்ல கதை இருந்தது.

1966-ல் அமெரிக்காவில் அயோவா சர்வகலாசாலையைச் சேர்ந்த டாக்டர் எட்வர்ட் மேசன், மிதமிஞ்சிய பருமனைக் குறைக்க இந்த வகை ஆபரேஷனைத் தொடங்கினார். சர்க்கரை வியாதி அவருடைய குறி அல்ல. ஆனால் பின்னால் இந்த ஆபரேஷனைச் செய்த டாக்டர்கள் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார்கள். எடை இறங்குவதற்கு முன்னாலேயே, ஆபரேஷனான சில நாட்களுக்குள், நோயாளிகளின் சர்க்கரை இறங்கிவிடுகிறது! வட கரோலினாவில் டாக்டர் வால்ட்டர் போரிஸ் என்பவரும் அவருடைய கூட்டத்தாரும் 1995-ல் தங்கள் பல வருஷக் கணக்கை வெளியிட்டார்கள். சர்க்கரை வியாதியோடு வந்தவர்கள் 146 பேர். அவர்களில் 121 பேருக்குச் சர்க்கரை சரியான அளவில் நின்றிருந்தது. அந்தக் கட்டுரைக்கு அவர்கள் கொடுத்த தலைப்பே, யார் இதை நினைத்திருப்பார்கள் என்ற ஆச்சரியத்தோடுதான் தொடங்குகிறது.

காரணம், குடல் வெறும் குழாய் அல்ல. இரைப்பையின் மேல் பகுதியில் ஓர் அவுன்ஸ் கொள்ளுகிற சிறு பையை மட்டும் பிரித்து, அதைச் சிறுகுடலின் கீழே ஓரிடத்தில் கொண்டுபோய் இணைக்கிறார்கள். மீதி இரைப்பையும் சிறுகுடலின் ஆரம்பமும் உள்ளேயே இருக்கும். சாப்பாடு மட்டும் அந்த வழியாகப் போகாது. சாப்பாடு சீக்கிரமாகக் கீழ்க் குடலுக்கு வந்து சேருவதால், அங்கே ஜி.எல்.பி. ஒன்று என்ற சுரப்பு அதிகமாகிறது. அது கணையத்தைத் தட்டி எழுப்பி இன்சுலின் சுரக்கச் சொல்கிறது. மூளையிடம் போய், போதும் என்று சொல்கிறது. பித்த நீருக்கும் குடலில் வாழும் நுண்ணுயிர்களுக்கும் இதில் பங்கு உண்டா என்றும் ஆராய்ந்து வருகிறார்கள். வாரம் ஒரு தடவை போட்டுக்கொள்ளும் புது ஊசிகள் வந்திருக்கின்றன அல்லவா? அவை அந்தச் சுரப்பின் சாயலில் செய்தவைதாம்.

இதைப் படித்தபோது என் நெஞ்சில் ஏதோ இளகிற்று. பதினெட்டு வருஷமாக நான் சண்டை போட்டது என் குணத்தோடு என்று நினைத்திருந்தேன். கணிசமான பங்கு குடலோடு என்று தெரிந்தது.

ஆபரேஷனுக்கு முன் கண் டாக்டரிடம் மறுபடியும் அனுப்பினார்கள். சர்க்கரை திடீரென்று இறங்கினால் கண்ணின் பின்புறம் முதலில் சற்று மோசமாவதும் உண்டாம். பிறகு இரண்டு வாரம் திரவ ஆகாரம். கொழுப்பேறி வீங்கியிருக்கும் கல்லீரல் சுருங்கினால்தான், அதற்கு அடியில் கருவியை நுழைத்து வேலை செய்ய முடியும் என்றார்கள். வயிற்றைக் கிழிப்பதில்லை, ஐந்து சிறு துளைகள்தாம். ஆனாலும் அது விளையாட்டல்ல. தையல் கசியலாம், ரத்தம் கட்டலாம், அபூர்வமாக உயிரும் போகலாம் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள். என் வாழ்நாளில் நான் இவ்வளவு கவனமாகப் படித்துக் கையெழுத்திட்ட பத்திரம் வேறு இல்லை. பதிப்பாளர்களின் ஒப்பந்தங்களைக்கூட இப்படிப் படித்ததில்லை.

நான்காம் நாள் வீட்டுக்கு வந்தபோது இன்சுலின் 12 யூனிட். மூன்றாம் மாதம் அதுவும் நின்றது. ஊசியைப் பெட்டியில் வைத்து மூடிய அன்று, அப்பாவின் நினைவு வந்து வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன்.

சுகமான பகுதியை மட்டும் சொல்லி நிறுத்தினால் மறுபடியும் பொய்யாகிவிடும். முதல் மாதம், இரண்டு கரண்டி கஞ்சி குடிக்க அரைமணி நேரம் ஆயிற்று. நான்காம் மாதம் தலைமயிர் கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. பிறகு ஓரளவு வளர்ந்தது. வயிற்றுத் தோல் தளர்ந்து, பழைய ஜிப்பா மாதிரி தொங்குகிறது. சாப்பாடு போகிற பாதை மாறிவிட்டதால் இரும்பும் கால்சியமும் பி-12 என்ற வைட்டமினும் போதுமான அளவு உடம்பில் சேருவதில்லை. அவற்றுக்கான மாத்திரைகளை ஆயுசு பூராவும் சாப்பிட வேண்டும். மூட்டுவலிக்குக் கண்ட மாத்திரையைப் போட்டுக்கொள்ளக் கூடாது. இணைத்த இடத்தில் புண்ணாகும். ஆறாம் மாதம் ஒரு கல்யாணத்தில் அரை ஜாங்கிரி தின்றேன். கால்மணி நேரத்துக்குள் நெஞ்சு படபடத்து, உடம்பெல்லாம் வியர்த்து, மாப்பிள்ளை வீட்டார் ஜமக்காளத்தில் சாய்ந்துவிட்டேன். மாரடைப்பு என்று அவர்கள் பதறினார்கள். ஜாங்கிரிதான் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

வெட்கம். அதுதான் இந்தக் கதையில் வில்லன். என் நாவல்களில் வருகிற மனிதர்களுக்கு மன உறுதியை நான் தாராளமாகவே வழங்கியிருக்கிறேன். குடியை ஒரே நாளில் விட்டவர்கள் உண்டு. காதலை ஒரே கடிதத்தில் துறந்தவர்கள் உண்டு. அவர்களைப் படைத்தவன், சோற்றை அடக்க முடியாமல் வயிற்றைத் தைத்துக்கொண்டான் என்றால் நன்றாகவா இருக்கும்? முதன்முதலாக ஓர் இலக்கியக் கூட்டத்தில் ஒருவர், "நடைப்பயிற்சியா, ஸார்?" என்று அவராகவே எடுத்துக் கொடுத்தார். ஆமாம் என்றேன். அவ்வளவுதான், பிறகு அந்தப் பொய் தன் காலில் தானே நடந்தது.

2022 மே மாதம் சித்தப்பா பேத்தியின் கல்யாணத்துக்குக் கும்பகோணம் போனேன். அக்கா என்னைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். அவளுக்கும் இருபது வருஷமாகச் சர்க்கரை. காலையும் மாலையும் ஊசி. ஆள் என் மாதிரி பருமன் இல்லை. ஒற்றை நாடி தேகம்.

"என்னடா தம்பி, பாதி ஆளா ஆயிட்டே? ஊசி எவ்வளவு போட்டுக்கறே?"

"ஊசியே இல்லை, அக்கா."

"இல்லையா! என்னடா பண்ணினே?"

சுற்றிலும் உறவினர் கூட்டம். அத்தனை பேரும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். நான் வழக்கமான பதிலைச் சொன்னேன். நடை, ராத்திரிச் சாப்பாடு இல்லை, ஊசி தானாக விட்டுப் போயிற்று.

அக்கா வேறொன்றும் கேட்கவில்லை. நான் சொன்னால் சரியாக இருக்கும் என்று சிறு வயதிலிருந்தே அவளுக்கு ஓர் எண்ணம்.

ஜூலையில் ஒரு விடியற்காலை அவள் பிள்ளை டெலிபோன் செய்தான். அம்மா குளியலறை வாசலில் விழுந்து கிடந்தாளாம். உடம்பெல்லாம் வியர்த்துச் சில்லிட்டிருந்ததாம். ஆஸ்பத்திரியில் சர்க்கரை பார்த்தபோது 34. குளுகோஸ் ஏற்றி நினைவு வந்துவிட்டது. ஆனால் விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்திருந்தது. இரண்டு மாதமாக அவள் ராத்திரிச் சாப்பாட்டை மெல்ல மெல்லக் குறைத்து, அந்த வாரம் அடியோடு விட்டிருக்கிறாள். ஆனால் சாயங்கால ஊசியை மட்டும் விடவில்லை. டாக்டர் சொல்லாமல் அதை விடக் கூடாதல்லவா? சாப்பாட்டை விட்டால் ஊசி தானாக விட்டுப் போகும் என்று தம்பி சொல்லியிருந்தான், அதற்காகக் காத்துக்கொண்டிருந்தாள். இன்சுலினைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் ரத்தத்தில் இருக்கிற சர்க்கரையும் வற்றிப்போகும் என்பது, பதினெட்டு வருஷம் இந்த வியாதியோடு குடித்தனம் நடத்திய எனக்குத் தெரியாதா? தெரியும். சொல்லத் தோன்றவில்லை. கைதட்டல் வாங்குகிற அவசரம்.

கும்பகோணத்துக்கு ஓடினேன். ஆபரேஷன் முடிந்து, நடை வண்டியைப் பிடித்துக்கொண்டு நாலடி நடக்கப் பழகிக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் வெளியே போன பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். சட்டையைத் தூக்கி ஐந்து தழும்புகளையும் காட்டினேன்.

அக்கா ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுப் பார்த்தாள். வெகு நேரம் பேசவில்லை.

"இதுக்கா வெட்கப்பட்டே?" என்று கேட்டாள் கடைசியில். "அப்பாவுக்குக் காலை எடுத்தாங்களே, அதை ஊரெல்லாம் சொன்னோமேடா. காலை எடுத்ததைச் சொல்லலாம், காலு போகாம இருக்கப் பண்ணிக்கிட்டதைச் சொல்லக் கூடாதா?"

எனக்குப் பதில் இல்லை. இப்போதும் இல்லை.

பிறகு, "எனக்கும் அதைச் செய்வாங்களா?" என்றாள். சென்னைக்கு அழைத்து வந்து என் டாக்டரிடமே காட்டினேன். அக்காவுக்கு அந்த ஆபரேஷன் பொருந்தாது. அவள் எடை 51 கிலோ. நம் நாட்டில் ஒல்லியான உடம்பிலும் இந்த வியாதி வருகிறது. அவர்களில் பலருக்குக் கணையமே சோர்ந்துவிடுகிறது. குடலைத் திருப்பி அதைச் சரிசெய்ய முடியாது. பல நாட்டு வைத்திய சங்கங்கள் 2016-ல் சேர்ந்து ஏற்றுக்கொண்ட விதிப்படி, எடைக்கும் உயரத்துக்கும் உள்ள விகித எண் 40-க்கு மேல் போனவர்களுக்கு இந்த ஆபரேஷன் சிபாரிசு செய்யப்பட்டது. மருந்துக்குச் சர்க்கரை அடங்காவிட்டால் 35-லும் சிபாரிசு இருந்தது, 30-லும் யோசிக்கலாம் என்றிருந்தது. நம்மைப் போன்ற ஆசியர்களுக்கு ஒவ்வொன்றிலும் இரண்டரை குறைத்துக்கொள்ள வேண்டும் என்றிருந்தது. என் எண் 40-ஐத் தாண்டியிருந்தது. அக்காவுக்கு ஊசியின் அளவையும் நேரத்தையும் மாற்றிக் கொடுத்தார் டாக்டர்.

சாப்பாட்டினால் மட்டும் யாருக்கும் தணியாது என்றும் சொல்லிவிட முடியாது. பிரிட்டனில் 2017-ல் வெளியான ஒரு சோதனையில், வியாதி வந்து ஆறு வருஷத்துக்கு உட்பட்டவர்கள், இன்சுலினுக்குப் போகாதவர்கள், சில மாதம் நாளைக்குச் சுமார் 850 கலோரித் திரவ ஆகாரத்தில் இருந்தார்கள். ஒரு வருஷ முடிவில் நூற்றுக்கு 46 பேருக்கு மருந்தில்லாமல் சர்க்கரை அடங்கியிருந்தது. அவர்களும் டாக்டர்களின் கண்ணெதிரே, மருந்தை முறையாக நிறுத்திவிட்டுச் செய்தவர்கள். கல்யாணப் பந்தலில் கேட்டுக்கொண்டு போய்ச் செய்தவர்கள் அல்ல.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு வியாதி குணமாகிவிடவில்லை. டாக்டர் அந்த வார்த்தையைச் சொல்லவே மாட்டார், தணிந்திருக்கிறது என்பார். நாலரை வருஷம் மருந்தில்லாமல் இருந்தேன். 2024-ல் எடை ஐந்து கிலோ ஏறியது. பரிசோதனை எண் 6.7 காட்டியது. இப்போது மெட்பார்மின் மாத்திரை ஒன்று. முதலில் மனம் உடைந்துதான் போயிற்று. கிளீவ்லாந்தில் 150 பேரை வைத்து நடத்தி 2017-ல் வெளியிட்ட ஐந்து வருஷக் கணக்கை டாக்டர் எடுத்துக் காட்டினார். எண்ணை 6-க்குள் வைத்திருந்தவர்கள், வெறும் மருந்தில் நூற்றுக்கு 5 பேர்; என் மாதிரி ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் 29 பேர். ஐந்துக்கு இருபத்தொன்பது பெரிதுதான். ஆனால் நூறு அல்ல. வெகு காலம் வியாதியோடு இருந்தவர்களுக்கும் இன்சுலினுக்குப் போய்விட்டவர்களுக்கும் அது திரும்பி வருகிற வாய்ப்பு அதிகம். நான் இரண்டு வகையிலும் சேர்ந்தவன். "84 யூனிட்டிலிருந்து ஒரு மாத்திரைக்கு வந்திருக்கிறீர்கள். கண்ணில் புதிதாக ஒன்றும் இல்லை. இன்னும் என்ன வேண்டும்?" என்றார். ஒன்றும் வேண்டாம்தான்.

இப்போது யாராவது எப்படி இளைத்தீர்கள் என்று கேட்டால், ஆபரேஷன் என்று சொல்லிவிடுகிறேன். சிலர் முகத்தில் மரியாதை ஒரு படி இறங்குவது தெரிகிறது. சிலர் என்னை ஓரமாக அழைத்துப் போய், தாழ்ந்த குரலில் விவரம் கேட்கிறார்கள். அவர்களுக்கு எல்லாவற்றையும் சொல்கிறேன், ஜாங்கிரி உட்பட.

தினமும் ராத்திரி எட்டு மணிக்குக் கும்பகோணத்துக்கு டெலிபோன் செய்கிறேன்.

"அக்கா, சாப்பிட்டியா?"

"ரெண்டு இட்லி சாப்பிட்டேன். நீ மாத்திரை எல்லாம் போட்டுக்கிட்டியா?"

சில நாள் மறந்திருப்பேன். "இதோ போட்டுக்கறேன்" என்று எழுந்திருப்பேன். போட்டுக்கொண்டேன் என்று மட்டும் சொல்வதில்லை.